கறுப்பு முடி எவ்வளவு தூரம் வெளுக்கும்? – கூந்தல் கேள்வி பதில்

பிளீச் செய்து முடியின் நிறத்தைக் குறைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

என் முடி கருகருவென்று இருக்கும். இதுவரை டை, மருதாணி எதுவும் போட்டதில்லை. அடுத்த மாதம் தோழியின் கல்யாணம். அதற்குள் ‘ஆஷ் பிளாண்ட்’ (சாம்பல் கலந்த வெளிர் மஞ்சள்) நிறத்துக்கு மாற்ற முடியுமா? ஒரே நாளில் முடித்துத் தருவதாக ஒரு பார்லரில் சொல்கிறார்கள்.
– வாசகி, கோவை

ஒரே நாளில் வேண்டாம். அந்தப் பார்லரில், ‘எத்தனை வால்யூம் டெவலப்பர் போடுவீர்கள்?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 40 என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். (டெவலப்பர் என்றால் என்ன, 40 ஏன் வேண்டாம் என்பது கீழே.)

முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண் போட்டுச் சொல்வது சலூன் வழக்கம். 1 என்றால் கன்னங்கரேல். 10 என்றால் வெளிர் மஞ்சள். நம் ஊர் முடி பெரும்பாலும் 1, 2-லேயே நிற்கும். பிளீச் போட்டால் கறுப்பு நேராக மஞ்சளுக்குப் போய்விடாது. முதலில் செம்பட்டை தட்டும். 5-ல் சிவப்பு, 6-7-ல் ஆரஞ்சு, 8-ல் பொன்மஞ்சள், 10-ல் வாழைப்பழத் தோலின் உள்பக்க நிறம். இந்த வரிசையில் எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. நீங்கள் கேட்கும் ஆஷ் பிளாண்டுக்கு 9-ஆவது வர வேண்டும். ஆரோக்கியமான முடிகூட ஒரு முறையில் நாலைந்து படிதான் பத்திரமாக ஏறும். அதாவது 6 அல்லது 7. மீதியை ஏற்ற இன்னும் ஒன்றிரண்டு தடவை உட்கார வேண்டும், நடுவில் குறைந்தது நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும்.

எங்களைக் கேட்டால் 7-லேயே நின்றுவிடுங்கள் என்போம். கேரமல், தேன் நிறமெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மாநிறத்துக்கு எடுப்பாகவும் இருக்கும், முடியும் முடியாகவே இருக்கும். அதிலும் முழுத் தலைக்குப் போடாமல், வேரிலிருந்து ஒரு சாண் விட்டுக் கீழே மட்டும் தீற்றும் ‘பாலயாஜ்’ முறை நல்லது. மருந்து உச்சந்தலையில் படாது. மாதம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும் கறுப்பு வேரும் உறுத்தாது.

டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த க்ரீம். 10 வால்யூமில் 3 சதவீதம், 20-ல் 6, 30-ல் 9, 40-ல் 12 சதவீதம் பெராக்சைடு இருக்கும். அடர்த்தி கூடினால் வேகம் கூடும், ஆனால் முடி போய்ச் சேரும் நிறம் அந்த அளவுக்குக் கூடாது. 20 வால்யூமில் நாற்பது நிமிடம் பொறுமையாக வைத்தால், 40 வால்யூம் கொடுக்கும் நிறத்துக்குக் கிட்டத்தட்டப் போய்விடலாம். 40-ல் முடியின் மேலடுக்கு சட்டென்று உப்பித் திறந்துகொள்ளும், தலைத்தோலும் வெந்துபோகும்.

எங்கே செய்துகொண்டாலும் முதலில் ஒரு கற்றையில் சோதித்துவிடுங்கள். காதுக்குப் பின்னால், அடியிலிருந்து பென்சில் தடிமனுக்குக் கொஞ்சம் முடி பிரித்தெடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் 5 கிராம் பிளீச் பவுடருக்கு 10 மில்லி 20 வால்யூம் டெவலப்பர் கலந்து (பாக்கெட்டில் வேறு விகிதம் போட்டிருந்தால் அதுதான் சரி), கற்றை முழுக்க நனையும்படி தடவி ஃபாயிலில் மடித்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பாக்கெட்டில் உள்ள நேரத்தைத் தாண்ட வேண்டாம், பெரும்பாலும் அது 50 நிமிடத்துக்குள்தான் இருக்கும். அலசிய பிறகு ஈரத்தோடு ஒரே ஒரு முடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு பழைய நீளத்துக்குத் திரும்பினால் நல்லது. நீண்டது நீண்டபடியே நின்றாலோ, வழவழவென்று இழுபட்டாலோ, பட்டென்று அறுந்தாலோ பிளீச் யோசனையையே விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிறம். ஈரத்தில் ஒரு படி இருட்டாகத் தெரியும்.

போடுவதற்கு முந்தைய நாள் தலைக்குக் குளிக்காதீர்கள். தலைத்தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை எரிச்சலைக் கொஞ்சம் தடுக்கும். டோனரோ (வெளுத்த முடியின் நிறத்தைத் திருத்தும் மெல்லிய சாயம்) வேறு சாயமோ போடப் போவதால், 48 மணி நேரம் முன்பே அதில் துளி எடுத்து முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பிளீச் பவுடர் பக்கம் போக வேண்டாம். அதிலுள்ள பெர்சல்ஃபேட் உப்பு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

மூன்று வருடமாக மாதம் ஒரு முறை பாக்கெட் ‘கறுப்பு மெஹந்தி’ போடுகிறேன். அது மூலிகைதானே, அதன் மேல் பிளீச் போடலாமா?
– வாசகி, மதுரை

பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அசல் மருதாணி இலை முடியைச் செம்பழுப்பாக்குமே தவிர கறுப்பாக்காது. கறுப்பு வருகிறதென்றால் அவுரி கலந்திருக்கும், அல்லது பிபிடி என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கும். சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கும். பயப்பட வேண்டியது இந்தக் கடைசி வகைக்குத்தான். உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் நிமிடங்களில் கொதிக்கும் சூடு வரும், புகையும், முடி கையோடு கரைந்து வரும்.

தலையில் சோதிக்கவே கூடாது. சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து நூலால் கட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் பவுடரும் டெவலப்பரும் கலந்து அதில் முக்கி, அரை மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். டம்ளர் சுட்டாலோ, நுரைத்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ அந்த முடி வெட்டி முடிகிற வரை பிளீச் கிடையாது. பச்சை தட்டினால் அவுரியின் வேலையாக இருக்கலாம். அதைச் சரிக்கட்டுவது கஷ்டம், வீட்டில் முயல வேண்டாம். சூடும் இல்லை, பச்சையும் இல்லை என்றால் உங்கள் தலையில் இருப்பது பெரும்பாலும் ரசாயனச் சாயம். அது வெளுக்கும், ஆனால் மூன்று வருடம் அடுக்கடுக்காக ஏறிய நுனி சிவப்பிலேயே நின்றுவிடும், புதிதாக வளர்ந்த வேர் மட்டும் ஓடிப்போய் மஞ்சளாகும்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிளீச் போட்டேன். வேர் பளிச்சென்று ஆரஞ்சு, நடுவில் சிவப்புப் பட்டை, நுனி பழுப்பு. பர்ப்பிள் ஷாம்பு போட்டும் மாறவில்லை. இன்னொரு முறை போடட்டுமா?
– வாசகி, சேலம்

வேரில் போடவே கூடாது. நடந்தது இதுதான்: நீங்கள் வேரிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். தலைத்தோலின் உடல் சூட்டில் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். அதனால் முழு நீளத்துக்கும் போடுகிறவர்கள் வேரை விட்டு நடுவிலும் நுனியிலும் முதலில் தடவி, அங்கே ஓரளவு நிறம் ஏறிய பிறகு கடைசியாகத்தான் வேருக்கு வருவார்கள். நடுவில் சிவப்புப் பட்டை விழுந்ததற்கு மருந்து போதாததே பெரும்பாலும் காரணம். தோள் வரை உள்ள முடிக்கே 50 கிராம் பவுடர், 100 மில்லி டெவலப்பர் வேண்டும். அடர்த்தியாக இருந்தால் அதுபோல இன்னொரு பங்கு. கஞ்சத்தனமாகத் தடவினால் காய்ந்துவிடும், காய்ந்த இடத்தில் பிளீச் வேலை செய்யாது.

பர்ப்பிள் ஷாம்பு மாற்றாததில் ஆச்சரியமில்லை. ஊதா மஞ்சளை அடக்கும். ஆரஞ்சை அடக்குவது நீலம், சிவப்பை அடக்குவது பச்சை. உங்கள் முடி இன்னும் மஞ்சளுக்கே வரவில்லை.

மீண்டும் வெளுக்காமலே இதைச் சரிசெய்யலாம். அம்மோனியா இல்லாத டெமி-பர்மனென்ட் (நிரந்தரமாக நிற்காமல் மெல்ல மங்கும்) சாயத்தில் இரண்டு நிறம் வாங்குங்கள்: வேருக்கு 4 அல்லது 5-ம் எண் சாதாரண பழுப்பு, கீழே 6-ம் எண் ஆஷ். ஆஷ் நிறத்துக்குப் பல கம்பெனிகள் 6.1 என்று எண் போடும். அடிநிறம் நீலமா பச்சையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டு வாங்குங்கள். டெவலப்பர் 10 வால்யூம் அல்லது அதற்கும் கீழே. வேரில் தடவி, எல்லை கோடு போட்டதுபோல் நிற்காமல் சீப்பால் இரண்டு விரல் கீழே இழுத்துவிடுங்கள். பிறகு மீதிக்கு ஆஷ். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள். வெளுத்த முடி சாயத்தைக் குடித்துவிடும், அசந்தால் சேறு நிறமாகிவிடும். அதிகபட்சம் 20 நிமிடம். பெட்டிக் கறுப்பு டை அடித்து மூடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடுத்த முறை நிறம் குறைக்க நினைக்கும்போது அதுதான் பெரிய தலைவலியாக வந்து நிற்கும்.

எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் நின்றால் முடி வெளுக்குமா? முகத்துக்குப் போடும் பிளீச் க்ரீம்? மெடிக்கல் ஷாப் ஹைட்ரஜன் பெராக்சைடு?
– வாசகி, நாகர்கோவில்

எலுமிச்சை கறுப்பு முடியை அசைக்காது. சாறு நெற்றியிலும் கழுத்திலும் வழிந்து வெயில் பட்டால் தோல் கொப்பளித்துக் கரும்படை விழும், அது போக மாதங்கள் ஆகும். முகத்து பிளீச் பூனைமுடிக்கானது, தலைமுடியில் திட்டுத்திட்டாகச் செம்பட்டைதான் மிஞ்சும். மருந்துக்கடை பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் 6 சதவீதம்தான், ஆனால் தண்ணீராக ஓடும். நினைத்த இடத்தில் நிற்காமல் கண்ணுக்கும் நெற்றிக்கும் இறங்கும். மூன்றுமே வேண்டாம்.

ஆறு மாதம் முன்பு ரீபாண்டிங் செய்தேன். ஹைலைட்ஸ் போடலாமா?
– வாசகி, புதுச்சேரி

ரீபாண்டிங் செய்த பகுதியில் கூடாது. முடிக்குப் பலம் தருவது அதன் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். ரீபாண்டிங் க்ரீம் அவற்றை உடைத்துத் திரும்பச் சேர்க்கிறது, ஆனால் எல்லாமே சேர்ந்துவிடுவதில்லை. மிச்சமிருப்பதைப் பிளீச் உடைத்தால் அது சேரவே சேராது. முடி ரப்பராக நீண்டு அறும். எத்தனை மாதமானாலும் இது மாறாது, ஏனென்றால் முடி தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் உயிருள்ள பொருள் அல்ல. இந்தப் பிணைப்புகளைக் காக்கும் மருந்தென்று ‘பாண்ட் பில்டர்’ கலந்து தருகிறோம் என்பார்கள். நல்ல முடியில் சேதத்தைக் குறைக்க அது உதவும், ரீபாண்டிங் முடிக்கு அதை நம்பி இறங்காதீர்கள். கெரட்டின் ட்ரீட்மென்ட் மட்டும் செய்திருந்தால் கதை வேறு. பிளீச்சை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்துக் கெரட்டின் போடுவதுதான் சரியான வரிசை.

வயது 55. இருபது வருடமாகக் கறுப்பு டை. இனி நரையோடே இருக்க ஆசை. டையை வெளுத்து எடுத்தால் உடனே வெள்ளை முடி கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

கிடைக்காது. ஒரு சாயத்தின் மேல் இன்னொரு சாயம் போட்டு வெளுக்க முடியாது. பிளீச் போட்டால் பழைய டை சிவப்பு, ஆரஞ்சு என்று இறங்கிப் பாதி வழியில் நிற்கும். கடையில் கிடைக்கும் ‘கலர் ரிமூவர்’ சாயத்தை ஓரளவு இறக்கும். ஆனால் பெட்டியில் சொன்ன நேரம் முழுக்க ஓடும் தண்ணீரில் அலசாவிட்டால் இரண்டு நாளில் கறுப்பு திரும்பி வந்துவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். டையை நிறுத்திவிட்டு மூன்று நான்கு மாதம் பொறுங்கள், வேரில் நாலு சென்டிமீட்டர் அளவுக்கு உங்கள் நரை தெரியும். அப்போது பார்லரில் வகிட்டின் இரு பக்கமும் நெற்றி ஓரத்திலும் மட்டும், நூல்போல மெல்லிய இழைகளாக, 20 வால்யூமில் ஃபாயில் ஹைலைட்ஸ் போடச் சொல்லுங்கள். புதிய நரை மேல் பிளீச் படக் கூடாது, டை உள்ள பகுதியில் மட்டும். இழைகள் மஞ்சள் வரை வெளுத்தால் ஊதா கலந்த டோனர் போட்டு நரையோடு சேர்த்துவிடலாம். ஆரஞ்சிலேயே நின்றால் அதற்கு மேல் துரத்தாமல் 6-ம் எண் ஆஷ் போட்டு அடக்கிவிடலாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள கோடு மங்கினாலே போதும், பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனியை வெட்டிக்கொண்டே வாருங்கள். தோளுக்கு மேல் வெட்டிக்கொள்ளத் தயார் என்றால் இந்தப் பாடெல்லாம் பாதியாகக் குறைந்துவிடும்.

கேரமல் நிறம் போட்டு இரண்டு மாதமாகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். முடி நார்போல இருக்கிறது, நிறமும் துருப்பிடித்ததுபோல் ஆகிவிட்டது. எண்ணெய் வைக்கலாமா?
– வாசகி, சென்னை

நிறம் மாறியதில் தண்ணீருக்குப் பங்கு உண்டு. வெளுத்த முடியில் நுண்ணிய துளைகள் அதிகம். போர் தண்ணீரிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடிடிஏ சேர்ந்த, உலோகப் படிவை நீக்கும் ‘கிலேட்டிங்’ ஷாம்பு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் ஆர்ஓ அல்லது கேன் தண்ணீர்: இது போதும். மறுபடி பிளீச் போடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் இந்த ஷாம்புவால் கட்டாயம் கழுவுங்கள். உலோகப் படிவு உள்ள முடியில் பெராக்சைடு தாறுமாறாக வேலை செய்யும்.

தேங்காய் எண்ணெய் தாராளமாக வைக்கலாம். முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் எண்ணெய் அது. குளிப்பதற்கு முந்தைய இரவு நுனிக்கு மட்டும் தடவுங்கள். கரிசலாங்கண்ணி, மருதாணி போட்டுக் காய்ச்சிய பச்சை எண்ணெய் வேண்டாம், வெளிர் முடியில் சாயம் பிடிக்கலாம். மஞ்சள் நலங்கின்போதும் முடியைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். சீயக்காய்த் தூள் நார்ப்பட்ட முடியில் உரசிச் சிக்காக்கும், டோனரையும் சீக்கிரம் இறக்கும். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர். ஈர முடியை இழுத்து வாராதீர்கள், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். இரண்டு மாதமானதால் டோனரும் போயிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது வழக்கம்.

கலந்த பிளீச் கொஞ்சம் மிச்சம். மூடி வைத்து அடுத்த வாரம் போடலாமா?
– வாசகி, ஈரோடு

கூடாது. கலந்த ஒரு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் போய்விடும். மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடிக்கலாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். கையுறையைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.