தரமான கூட்டம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. பல வருடங்களாகக் குடிக்கிறேன், இப்போது காலையிலேயே தேவைப்படுகிறது. நிறுத்திவிட முடிவு செய்து, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டங்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். எதற்குப் போவதென்றுதான் தெரியவில்லை. பொறுப்பான பதவியில் இருக்கிறேன். படித்தவர்கள், ஓரளவு நம் தரத்தில் உள்ளவர்கள் வரும் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கடவுள் நம்பிக்கையும் கிடையாது. மனைவிக்குத் தெரியாமல் போய்வர முடியுமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

‘காலையிலேயே’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகக்கூடிய விஷயம் இது. முதலில் மருத்துவரிடம் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று குறைக்காமல் சொல்லுங்கள். கூட்டம் அந்த வேலையைச் செய்யாது.

சரி, தரத்துக்கு வருவோம். சில நாட்களாக நானே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏஏ பிறந்த கதையைக் கேளுங்கள். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தை ஆசாமி பில் வில்சன் ஒரு ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். வந்த வியாபாரம் ஊற்றிக்கொண்டது. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போய் அங்கிருந்த தேவாலயங்களை அழைக்கிறார். எதற்கு? அறிவுரை கேட்கவா? இல்லை. பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்கிறார். அப்படிச் சுற்றிவளைத்துக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்தவர் மணிக்கணக்கில் பேசினார்.

பாப் ஓர் அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்தது ஒரு பீர், அறுவை அரங்கில் கை நடுங்காமலிருக்க. அந்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏஏ தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்து மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவர் ஒரு வக்கீல். செவிலியர்களை அடித்ததால் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். பங்குச்சந்தை, மருத்துவம், சட்டம். போதுமா உங்கள் தரம்? அதில் யாருடைய படிப்பு யாருடைய கையை நடுங்காமல் பிடித்து நிறுத்தியது?

பில் அழைத்தது பாப்பைக் காப்பாற்ற அல்ல, அன்று மாலை தான் குடிக்காமலிருக்க. கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சரியாகச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை. ‘உதவி பெறப் போங்கள்’ என்கிறார்கள். புதிதாக வருகிறவர்தான் அங்கே பழையவர்களுக்கு மருந்து. வருடக்கணக்கில் குடிக்காதவர் உங்களைப் பார்த்துத் தன் முதல் வாரத்தை நினைத்துக்கொள்கிறார். நீங்கள் பட்டியலை வைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அங்கே ஒருவர் உங்களுக்காகவும் சேர்த்து நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்.

நண்பர் ஒருவருக்குத் துணையாக அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். யாரும் வரலாம் என்கிற திறந்த கூட்டம். குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமும் உண்டு. நண்பர் கடைசி வரிசையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தவர் எல்லோருக்கும் கோப்பை நிறைய ஊற்றினார், இவருக்கு மட்டும் பாதி. என்னடா இது என்று பார்த்தேன். நண்பர் இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கினார், ஆடியது, ஆனால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த மனிதர் என்ன படித்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஏன் பாதி என்று நண்பரும் கேட்கவில்லை.

கடவுளா? ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று ஏஏவிலேயே இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்மார்ட் ரிகவரி என்று வேறொரு சுயஉதவிக் குழு இருக்கிறது, அங்கே அந்தப் பேச்சே இல்லை. இதற்கு மேல் இதில் விவாதம் வேண்டாம். இதனாலெல்லாம் பயன் உண்டா என்று அடுத்து எழுதுவீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏவோடு ஆளைச் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள், குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன.

எந்தக் கூட்டம் என்றுதானே கேட்டீர்கள்? இன்றைக்கோ நாளைக்கோ நடப்பதில் பக்கத்தில் எது இருக்கிறதோ, அது. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டாம், பேசாமலும் உட்கார்ந்திருக்கலாம். ஒத்துவரவில்லையா, அடுத்த வாரம் வேறொன்றுக்குப் போங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், குடிப்பவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பட்டியலில் உள்ள எண்ணை முதலில் கூப்பிடுங்கள். கூடவே அழைத்துப்போக யாராவது வருவார்களா என்றும் கேட்கலாம்.

மனைவிக்குத் தெரியாமலா? காலையிலேயே குடிக்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு என்ன தெரியாது என்று நினைக்கிறீர்கள்? குடிப்பவரின் வீட்டாருக்கென்றே 1951இல் பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. நீங்கள் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவர் அங்கே போகலாம். அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.