மலையில் ஏன் பேரரசு எழவில்லை? உங்கள் மகளின் கட்டுரைக்கு

வணக்கம் சகோதரி. குன்னூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், நீலகிரியில் பெரிய அரசு எழாததற்கு "மலைவாசிகள் பின்தங்கியவர்கள்" என்று காரணம் எழுதியிருப்பதாகவும், எப்படித் திருத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

விஷயம் தானியத்தில் இருக்கிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும் பயிராயின. அறுத்துக் குதிரில் கொட்டி வைக்கலாம். கொட்டி வைத்ததை அளந்து வரி வாங்கலாம், படைக்குச் சோறு போடலாம். காவிரிக் கரையில் நெல் அந்த வேலையைச் செய்தது.

நம் மலையுச்சியில் 2,000 மீட்டர் உயரம், மார்கழி தையில் உறைபனி. நெல் எங்கே வரும்? புல்வெளி எருமைக்கு வாகு, அதனால் இந்த மலையின் பழைய குடிகளில் தோடர் எருமை வளர்த்தார்கள். படகர் சாமையும் ராகியும் விதைத்தார்கள், கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் செய்தார்கள், குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள். நெய்க்குத் தானியம், தானியத்துக்கு அரிவாள் என்று காசில்லாமலே ஓடிய வாழ்க்கை. எங்கள் கோத்தகிரிப் பக்கம் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்புறம் ஒன்று. "மலை என்றால் அரசு வராது" என்று எழுதிவிடப் போகிறாள், கவனம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இன்காக்கள் பேரரசே நடத்தினார்கள். அவர்களிடம் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் இருந்தன. கிழங்கை உறைபனியில் போட்டு, மிதித்து, காயவைத்து ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். அதே கிழங்கு நம் மலைக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில்தான்.