சாட்டா-யுஎஸ்பி அடாப்டரில் (கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கை வெளியிலிருந்து யுஎஸ்பியில் இணைக்கும் கருவி) மாட்டிய ஹார்டு டிஸ்க் பழைய கணினியில் ‘டிக் டிக்’ என்கிறது, டிரைவ் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் மின்சாரம் போதாததுதான் காரணம். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லிஆம்பியர், 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை இழுக்கும். வேகம் பிடிக்காமல் திரும்பத் திரும்ப முயல்வதால்தான் அந்தச் சத்தம். உடனே கழற்றிவிடுங்கள். முன்பக்க போர்ட்டை விட்டு, மதர்போர்டிலேயே உள்ள பின்பக்க போர்ட்டில் குட்டைக் கேபிளால் மாட்டிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால், தனி பவர் அடாப்டரோடு வரும் யுஎஸ்பி ஹப் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் இல்லாமல் சுழலவே சுழலாது. நல்ல மின்சாரம் கொடுத்தும் டிக் சத்தம் நிற்கவில்லையா? டிஸ்க்கே பழுது, தயவுசெய்து மீண்டும் மீண்டும் ஓட்டாதீர்கள், உள்ளதும் போய்விடும்.

சீராகச் சுழன்றும் டிரைவ் எழுத்து வராவிட்டால் விண்டோஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்ட பார்ட்டிஷனைப் படிக்காது. ‘இனிஷியலைஸ்’ (டிஸ்க்கைப் புதிதாக அமைப்பது) செய்யவா என்று கேட்டால் சம்மதிக்காமல், புதிய கணினியில் மாட்டி முதலில் ஃபைல்களை நகலெடுங்கள்.