மகளுக்கு 18 வயது ஆகப்போகிறது. நாங்கள் சட்டப்படி கார்டியன் ஆகியே தீர வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், சில மாதங்களில் 18 முடிகிறது. கார்டியன்ஷிப், அதாவது அவள் சார்பில் முடிவெடுக்கும் சட்ட அதிகாரம், வாங்காவிட்டால் ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் நீங்கள் வெளி ஆள்தான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உடனே விண்ணப்பித்துவிடலாமா? எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் எல்லா ஊருக்கும் பொருந்துவதையும், சட்டம் எப்படி எப்படி இருக்கிறது என்பதையும் கலந்தே சொல்கிறேன்.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. பெரும்பாலான நாடுகளில் 18 ஆனதும், பெற்றவர்கள் என்ற முறையில் உங்களுக்கு இருந்த அதிகாரம் தானாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று சட்டம் அங்கே பார்ப்பதில்லை. ஆனால் அதனாலேயே கார்டியன் ஆகிவிட வேண்டும் என்று எதுவும் இல்லை. என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. அப்பாவுக்குப் பிறகு அவனுக்குச் சட்டப்படி கார்டியன் நான். எதற்காக வேண்டும் என்று எழுதிப் பார்க்காமல் விண்ணப்பத்தில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் சொல்கிறேன். தம்பிக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். பெரிய பெரிய எழுத்தாக, கட்டத்தைத் தாண்டிப் போய்த்தான் எழுதுவான். அந்தக் கையெழுத்தை முன்பெல்லாம் பேங்கில் ஏற்றுக்கொண்டார்கள். கார்டியன் சான்றிதழைக் காட்டிய பிறகு, "நீங்க போடுங்க மேடம், அவர் எதுக்கு" என்று படிவத்தை என் பக்கம் நகர்த்திவிட்டார்கள். பேனாவைத் திறந்து வைத்திருந்தவன் மூடிப் பையில் போட்டுக்கொண்டான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் நான்தான் என்று காகிதம் சொல்கிறதே.

அதனால் ஒரு தாளை எடுத்து, அடுத்த சில வருடங்களில் மகளுக்காக எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டிவரும் என்று எழுதுங்கள். உதவித்தொகையை வாங்கிச் செலவு செய்வது மட்டும்தான் என்றால், பல நாடுகளில் அதற்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு உதவிப் பணத்துக்கு ரெப்ரசென்டேட்டிவ் பேயீ (அவளுக்காக அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்பவர்) ஆனால் போதும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கவலை மருத்துவம் என்றால், அவளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னால் அவளே சரி, வேண்டாம் என்று சொல்லக்கூடிய சிகிச்சைகள் நிறைய இருக்கும். ஒரு ஊசிக்குச் சரி என்பதற்கும் இதய ஆபரேஷனுக்குச் சரி என்பதற்கும் வேண்டிய புரிதல் வேறு வேறு. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மென்டல் கெப்பாசிட்டி சட்டம் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியும் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாது என்றால், குறிப்பிட்ட அந்த முடிவைப் பொறுத்து அதைக் காட்ட வேண்டும். முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பது மட்டும் காரணமாகாது. (தேவையே இல்லாத செருப்பை நானும்தான் வாங்கியிருக்கிறேன். எனக்கு யாரும் கார்டியன் போடவில்லை.)

இந்தியா என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு சட்டங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. இதில் கார்டியனை நியமிப்பது கோர்ட் அல்ல, மாவட்ட ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று அமைந்த உள்ளூர் குழு. கார்டியன் தேவைதானா, தேவை என்றால் எந்தெந்தக் காரியத்துக்கு என்று அந்தக் குழு பார்க்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நாமே "எல்லாவற்றுக்கும்" என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாவது கேள்விக்கு வேலையே இருக்காது. அப்புறம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 14ஆம் பிரிவு வரம்புக்குட்பட்ட கார்டியன்ஷிப்பைப் பற்றிப் பேசுகிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அதுவும் இருவரும் கலந்து பேசி எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலைமை இன்னும் கொஞ்சம் இலகு. அங்கே தனக்கு உதவி செய்பவரை ஒப்பந்தம் போட்டு அந்த நபரே தேர்ந்தெடுக்கலாம். அதற்கான தகுதியைப் பார்க்கும்போது, அவருக்கு இது வேண்டும் என்று தெரிவிக்கிறாரா, பிடித்தது பிடிக்காததைக் காட்டுகிறாரா, உதவி செய்பவரிடம் நம்பிக்கை இருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள். ஐகியூ எண்ணைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஜென்னி ஹாட்ச் வழக்கையும் தேடிப் படியுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசித்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண். வேலைக்குப் போனவர், யாருடன் இருக்க ஆசை என்று தெளிவாகச் சொன்னவர். வீட்டார் கார்டியன்ஷிப் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2013இல் நீதிபதி, ஜென்னி யாரைக் கேட்டாரோ அந்த நண்பர்களையே, ஒரு வருடத்துக்கு மட்டும், வரம்போடு நியமித்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு கார்டியன்ஷிப்பே கூடாது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான உரிமை என்கிறது. அவருக்குப் பதிலாக முடிவெடுப்பதை விட்டுவிட்டு, அவர் முடிவெடுக்கத் துணை நில்லுங்கள் என்று அதற்கான குழு 2014இல் விளக்கமும் தந்தது. கொள்கையாக எனக்கு முழுச் சம்மதம். ஆனால் எந்த வழியிலும் தன் விருப்பத்தைத் தெரிவிக்க முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு, சொத்தை எழுதி வாங்கப் பார்க்கிற உறவினரைத் தடுக்க வேண்டிய தாயிடம் போய் இந்தக் கொள்கையை மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது. அங்கே கார்டியன்ஷிப் வேண்டும், சீக்கிரமாகவே வேண்டும். உங்கள் மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாங்கினால் வேலையும் சேர்ந்து வரும். இந்தியாவில் நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். மற்ற நாடுகளிலும் பெயர் மாறுமே தவிர ஏதோ ஒரு கணக்கு இருக்கும். ரசீதுகளை ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒரு நோட்டு. சட்டத்துக்கு வேண்டியதில்லை, உங்களுக்குப் பின் வருகிறவருக்கு வேண்டும். பல் வலித்தால் என் தம்பி வாய் திறந்து சொல்ல மாட்டான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைக் காலரை மெல்ல ஆரம்பிப்பான். அம்மா எழுதி வைத்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. மருந்து, டாக்டர், எதற்குப் பயப்படுவாள், யார் தொட்டால் பிடிக்காது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குப் பிறகு அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் கேட்டீர்களா? எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம். அவன் தயங்கினால் கோபப்படாதீர்கள். பணத்தை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் பார்க்கும்படி பிரிக்க முடியுமா என்று விசாரியுங்கள். சிங்கப்பூரில் பெற்றோர் தாங்கள் டெபுட்டியாக (பிள்ளை சார்பில் முடிவெடுக்கக் கோர்ட் நியமிக்கிறவர்) மனுப் போடும்போதே தங்களுக்குப் பின் வருகிறவரின் பெயரையும் சேர்த்துக் கேட்கலாம். உங்கள் நாட்டில் அப்படி வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.