சாலிஸ்பரி நஞ்சு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவுத்துறைகள் பற்றிய உங்கள் கட்டுரையில், 2018இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி செர்கெய் ஸ்கிரிபாலுக்கும் அவர் மகளுக்கும் நஞ்சு வைத்தவர்கள் ரஷ்ய உளவாளிகள் என்று ஐயமின்றி எழுதியிருந்தீர்கள். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொன்ன அதே பிரிட்டிஷ் அரசு, அதை அச்சடித்த அதே பத்திரிகைகள். சந்தேக நபர்கள் என்று காவல்துறை வெளியிட்ட இருவரின் காட்விக் விமான நிலையப் படங்களைப் பார்த்தீர்களா? இரண்டு பேர், ஒரே இடம், ஒரே நொடி, ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஒருவர் மட்டும்! இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு நடந்ததை மறந்துவிட்டீர்களா? உளவாளிச் செய்தி என்றாலே நான் பத்திரிகையை மூடிவைத்துவிடுகிறேன். அதுதானே சரி?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

நம்பி நாராயணனை மறக்கவில்லை. 1994 நவம்பர் 30 அன்று உளவுக் குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்தார்கள். 1996இல் சிபிஐ அந்த வழக்கே பொய் என்றது. உச்ச நீதிமன்றம் அவருக்கு ஐம்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018 செப்டம்பர் 14 அன்று. நாகர்கோவிலில் பிறந்த ஒரு விஞ்ஞானியின் இருபத்துநான்கு ஆண்டுகள் அதில் போயின. மாலத்தீவுப் பெண்கள், ராக்கெட் ரகசியம் என்று அன்று பக்கம் பக்கமாக எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்கள் சந்தேகம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். என்னுடையதும் அங்கேதான் பிறந்தது.

சாலிஸ்பரி செய்தி வந்தபோது நானும் நம்பவில்லை. 2018 மார்ச் 4 அன்று ஸ்கிரிபாலும் மகள் யூலியாவும் கடைவீதிப் பெஞ்சு ஒன்றில் நினைவிழந்து கிடந்தார்கள். ஸ்கிரிபால் பிரிட்டனுக்கு உளவு சொன்னதற்காக ரஷ்யச் சிறையில் இருந்து, 2010இல் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானவர். நஞ்சு மகளின் பெட்டியில் வந்தது என்றது ஒரு பத்திரிகை. காரின் காற்றுத் துவாரத்தில் இருந்தது என்றது இன்னொரு நிறுவனம். எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லாத அதிகாரிகளே ஆதாரம். வீட்டு வாசல் கதவின் கைப்பிடியில்தான் நஞ்சு அதிகம் இருந்தது என்று காவல்துறை சொன்னபோது மார்ச் மாதமே முடியப்போகிறது. முந்தைய செய்திகளைப் போட்டவர்கள் 'நாங்கள் சொன்னது தவறு' என்று அதே அளவு எழுத்தில் போட்டார்களா? நான் பார்க்கவில்லை.

வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன் செய்தது அதைவிட மோசம். நஞ்சு ரஷ்யாவிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை என்று பிரிட்டிஷ் அரசின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் தன்னிடம் சொன்னதாக அவர் ஜெர்மன் தொலைக்காட்சியில் பேசினார். ஏப்ரல் 3 அன்று அந்த ஆய்வகத்தின் தலைவரே, இது சோவியத் காலத்தில் உருவான நோவிச்சோக் வகை நரம்பு நஞ்சு என்று கண்டறிந்தோம், எங்கே தயாரானது என்பதை நாங்கள் உறுதிசெய்யவில்லை என்றார். வெளியுறவுத் துறை தன் பழைய ட்விட்டர் பதிவு ஒன்றைச் சத்தமில்லாமல் நீக்கியது. அன்று நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் நான் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஆனால் செய்தி அங்கே நிற்கவில்லை. நாம் மட்டும் ஏன் அங்கேயே நிற்க வேண்டும்?

காட்விக் படங்களுக்கு வருகிறேன். இரண்டிலும் நேரம் 16:22:43. நானும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். முதல் பார்வையில் ஒரே நடைபாதைதான். பிறகு உற்றுப் பார்த்தால் சுவரும் தடுப்பும் கேமராவின் கோணமும் சற்றே வேறுபடுவது தெரிகிறது. அந்த வெளிவாசலில் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரியான குறுகிய பாதைகள் பல, அடுத்தடுத்து இருக்கின்றன. இருவரும் அடுத்தடுத்த பாதைகளில் ஒரே வேளையில் நடந்திருக்கிறார்கள். இந்த விளக்கம் சில நாட்களிலேயே வந்துவிட்டது. படங்களை அனுப்பியவர்களில் எத்தனை பேர் விளக்கத்தையும் அனுப்பினார்கள்?

நீதிமன்றம் நம்பி நாராயணனுக்கு நியாயம் சொன்னதற்கு முந்தைய நாள், அதே இருவரும் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியில் தோன்றி, 123 மீட்டர் உயரக் கோபுரமுள்ள தேவாலயத்தைப் பார்க்கப் போனோம், நாங்கள் சாதாரண வியாபாரிகள் என்றார்கள். ஆனால் மார்ச் 4, ஞாயிறு காலை 11:58க்கு அவர்கள் இருந்தது ஸ்கிரிபால் வீட்டுக்கு அருகில், வில்டன் சாலையில். கேமரா பதிவு இருக்கிறது. கடவுச்சீட்டில் போஷிரோவ் என்று இருந்தவர் உண்மையில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் கர்னல் அனதோலி செபிகா என்று பெல்லிங்கேட், இன்சைடர் ஆகிய புலனாய்வுக் குழுக்கள் எழுதின. கசிந்த ஆவணங்களை வைத்து எழுதியதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அடுத்து மாஸ்கோவின் கொம்மெர்சாண்ட் பத்திரிகை, செபிகா வாழ்ந்த பெர்யோசோவ்கா என்ற தொலைகிழக்குக் கிராமத்துக்கே ஆளனுப்பியது. படத்தைப் பார்த்த ஊர்க்காரர் அடையாளம் சொன்னார். லண்டனின் சொல்லை லண்டனே உறுதிசெய்த கதை அல்ல இது. இஸ்ரோ வழக்கில் தோண்டத் தோண்ட ஒன்றுமில்லாமல் போனது. இங்கே தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.

வந்தவர்கள் யார் என்பது ஒரு கேள்வி, அனுப்பியவர் யார் என்பது வேறு கேள்வி. ஹியூஸ் பிரபு தலைமையிலான பொது விசாரணை, புடினின் அனுமதியில்லாமல் இது நடந்திருக்காது என்று 2025 டிசம்பரில் முடிவு சொன்னது. ரஷ்யா மறுக்கிறது. விசாரணையின் சாட்சியங்களில் ஒரு பகுதி மூடிய அறையில் கேட்கப்பட்டது. அந்தப் பகுதியை நானும் நீங்களும் பார்க்க முடியாது. அங்கே உங்கள் சந்தேகம் நியாயமானது, என்னுடையதும் தீரவில்லை. வந்தவர்களைப் பற்றி எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

உங்கள் கடிதத்தில் டான் ஸ்டர்ஜஸ் என்ற பெயர் இல்லை. என்னை அதிகம் வருத்தியது அதுதான். ஸ்கிரிபால்கள் பிழைத்தார்கள். நான்கு மாதம் கழித்து, பக்கத்து ஊரான எய்ம்ஸ்பரியில், நண்பர் கண்டெடுத்துப் பரிசாகக் கொடுத்த வாசனைத் திரவியத்தை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டார் டான். நீனா ரிச்சி பெயர் போட்ட போலிப் பெட்டி, உள்ளே நோவிச்சோக். 2018 ஜூலை 8 அன்று இறந்தார். வயது 44, மூன்று பிள்ளைகளின் தாய். போதைப்பழக்கம் உள்ளவர் என்று காவல்துறை முதலில் சொல்ல, அந்தச் சொல்லும் செய்தியாகி ஊரெல்லாம் போனது. அது தவறு என்று அதே பொது விசாரணையின் 2024 அமர்வுகளில்தான் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த விசாரணையின் பொது அமர்வுகளின் எழுத்துப் பதிவுகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. சாலிஸ்பரி கில்ட்ஹாலில் நடந்த முதல் வார அமர்வுகளிலிருந்து தொடங்குங்கள். டானின் குடும்பத்தின் குரல் அங்கே இருக்கிறது. படித்த பிறகும் சந்தேகம் இருந்தால், எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று குறித்து எழுதுங்கள். நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.