ஒரே பதிவு மூன்று இடத்தில்

கேள்வி: எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தின் முகப்பில் மேலே ஸ்லைடர், அடுத்து ‘புதியவை’, அதற்குக் கீழே வகைவாரியாக நாலு பெட்டி. புதிதாக ஒன்று எழுதிப் போட்டால் அது மூன்று இடத்திலும் வந்து நிற்கிறது. “மொத்தமே அஞ்சு பதிவுதானா?” என்று கேட்கிறார்கள். எப்படித் தடுப்பது?

பதில்: தவறு யார் மேலும் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகப் போய் டேட்டாபேஸிடம் “கடைசியாக வந்ததைக் கொடு” என்று கேட்கிறது. முன்னால் போனவனுக்கு என்ன கிடைத்தது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு காலி அரே (பட்டியல்). ஸ்லைடர் லூப் (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் கோட்) ஓடும்போது காட்டிய ஒவ்வொரு பதிவின் ஐடி எண்ணையும் அதில் போட்டுக்கொண்டே வாருங்கள், அடுத்த கொரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) அந்த அரேயைப் ‘போஸ்ட் நாட் இன்’ (post__not_in, ‘இவற்றை விட்டுவிடு’) என்பதற்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்லைடர் 41, 40, 39 ஆகியவற்றை எடுத்திருந்தால் ‘புதியவை’ 38-லிருந்து தொடங்கும், அதுவும் தன் பங்கை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குத் தள்ளும், அவ்வளவுதான்.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ஒவ்வொரு பகுதியும் தனி டெம்ப்ளேட் ஃபைலில் இருந்தால், ஒன்றில் எழுதிய நோட்டு இன்னொன்றுக்குத் தெரியாது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள், ஆனாலும் பதிவு இரண்டு தடவை வரும், அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள் (நான் பிய்த்துக்கொண்டேன்). டெம்ப்ளேட்டை அழைக்கும்போதே அரேயையும் சேர்த்து அனுப்பும் வசதி வேர்ட்பிரஸ் 5.5-லிருந்து இருக்கிறது. அப்புறம், அரேக்குப் பதிலாகக் கமா போட்ட எழுத்துச்சரமாக ஐடிகளைக் கொடுத்தாலும் எதுவும் விலகாது. ஒட்டிவைத்த பதிவு (ஸ்டிக்கி, எப்போதும் முதலில் நிற்கும்படி வைத்தது) வேறு ஒரு தொல்லை: வகை எதுவும் குறிப்பிடாமல் மூன்று கேட்டால் அதையும் தலையில் சேர்த்து நாலாகக் கொடுக்கும். ஒட்டியதைக் கண்டுகொள்ளாதே என்று கொரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு வகையில் ஐந்தே பதிவு இருந்து, அதில் மூன்றை மேலே உள்ளவர்கள் அள்ளிப்போனால் அந்தப் பெட்டி பாதி காலியாக நிற்கும். அந்த மாதிரி பெட்டியில் மட்டும் திரும்ப வந்தால் வரட்டும் என்று விடுவேன். காலிப் பெட்டியைவிட அது தேவலை.

கேள்வி: நான் ஆஃப்செட் 3 கொடுத்து முதல் மூன்றைத் தாண்டவைத்தேன். முகப்பு சரியாகிவிட்டது, ஆனால் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் முதல் பக்கமே திரும்ப வருகிறது!

பதில்: வரும். ஆஃப்செட் கொடுத்த உடனே வேர்ட்பிரஸ் பக்க எண்ணைப் பார்ப்பதை விட்டுவிடும். அதோடு, ஸ்லைடரில் நாளைக்கு நீங்களே தேர்ந்தெடுத்த பழைய பதிவை வைத்தால் ஆஃப்செட் தப்பான மூன்றைத் தாண்டும். ஆஃப்செட்டை எடுத்துவிட்டு, மெயின் கொரி (பக்கத்துக்காக வேர்ட்பிரஸ் தானே கேட்கும் கேள்வி) ஓடுவதற்கு முன்பே ‘ப்ரீ கெட் போஸ்ட்ஸ்’ (pre_get_posts) ஹூக்கில், அதாவது நம் கோடைச் செருக வேர்ட்பிரஸ் விட்டிருக்கும் இடத்தில், ஸ்லைடர் ஐடிகளை விலக்குங்கள். முக்கியமாக, எல்லாப் பக்கத்திலும் விலக்குங்கள். ஸ்லைடர் முதல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே மட்டும் விலக்கினால், பக்கத்துக்குப் பத்து என்ற கணக்கில், புதியதிலிருந்து எண்ணினால் முதல் பக்கம் 4 முதல் 13 வரை காட்டும், இரண்டாவது 11-லிருந்து தொடங்கும், மூன்று பதிவு மறுபடி தலைகாட்டும்.

கேள்வி: ‘அதிகம் படித்தவை’ பட்டியலிலும் விலக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதிகம் படித்த பதிவை எடுத்துவிட்டு மீதியை அந்தத் தலைப்பில் போட்டால் அது பொய்.