குஞ்சா நெல்லும் நாற்காலி இழந்த அமைச்சரும்

கேள்வி: 1960களில் மலாயாவில் மலாய் விவசாயிகளுக்கென்று இடதுசாரிச் சாய்வுள்ள கட்சி ஒன்று முளைத்து, ஒரே தேர்தலோடு காணாமல் போனதாமே? மதமும் இனமும் பார்த்து ஓட்டுப் போடும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) மக்களிடம் சோஷலிசம் எடுபடாது என்பதற்கு இது போதாதா?

பதில்: போதாது. நீங்கள் சொல்வது அப்துல் அஜீஸ் இஷாக் 1963இல் தொடங்கிய தேசிய மாநாட்டுக் கட்சியை. மதம்தான் ஓட்டைத் தீர்மானித்தது என்றால் 1964 தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான பாஸ் அல்லவா கம்பங்களை அள்ளியிருக்க வேண்டும்? அதற்குக் கிடைத்தது 9 இடங்கள், எல்லாமே கிழக்குக் கரையில். வடக்கே நெற்களஞ்சியமான கெடா மாநிலத்தில் ஜெயித்தது பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் ஆளும் கூட்டணி.

அஜீஸ், சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோப் இஷாக்கின் தம்பி. 'உத்துசான் மெலாயு' பத்திரிகையில் இருந்தவர். 1955லிருந்து துங்கு அமைச்சரவையில் விவசாயத்தைக் கவனித்தார், பிறகு கூட்டுறவையும். கூட்டணியின் மலாய்க் கட்சியான அம்னோவின் உதவித் தலைவர்களில் ஒருவர். அவருக்கு வினை வந்தது அரிசி ஆலைகளால்.

வடக்கு மாநிலங்களில் 'பாடி குஞ்சா' என்றொரு கடன்முறை இருந்தது. அப்போது வருஷத்துக்கு ஒரு போகம்தான். அறுவடைக்குச் சில மாதம் முன்பே குதிர் காலியாகிவிடும்; பிள்ளையின் பள்ளிச் செலவோ கல்யாண விருந்தோ வந்தால் விவசாயி கடைக்காரரிடம்தான் போவார். வட்டி மார்க்கத்துக்கு ஆகாது. அதனால் பணம் கொடுத்து நெல்லாகத் திருப்பி வாங்குவார்கள். ஒரு குஞ்சா என்பது 160 கந்தாங், கந்தாங் ஒன்று நாலரை லிட்டர். ஆக 720 லிட்டருக்கு மேல். அறுவடையானதும் இந்த நெல்லை அளந்து கொடுக்க வேண்டும். முன்பணமாக வாங்கியதோ அதன் சந்தை விலைக்கு வெகு கீழே. காகிதத்தில் வட்டி இல்லை, வயலில் உண்டு. கடன் கொடுப்பவர், மளிகை விற்பவர், நெல் வாங்குபவர், ஆலைக்கு அனுப்புபவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள் என்பதால் விலை பேச இன்னொரு வாசல் கிடையாது.

அஜீஸ் கண்ட வழி, தனியார் ஆலைகளின் உரிமத்தை எடுத்துக் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுப்பது. கூட்டுறவின் பேரிலேயே யூரியா உரத் தொழிற்சாலையும் கட்டுவது. எண்ணம் சரி. வரிசைதான் கோளாறு. ஆலையைச் சங்கத்துக்கு மாற்றினாலும், உறுப்பினரின் நெல் நாற்று விடும்போதே கடைக்காரருக்குப் பேசி முடிந்துவிட்டதே. கைக்கடன் தரமுடியாத சங்கத்துக்கு நெல் வந்து சேராது. ஒரு போக நெல்லை வைத்து ஆலை ஓடுவது சில மாதம். மிச்ச நாளெல்லாம் இயந்திரம் சும்மா கிடக்க, முதலுக்கான செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கடன், பிறகு கிடங்கு, கடைசியில் ஆலை என்று போயிருக்க வேண்டும்.

ஆலைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். கூட்டணிக்குள்ளிருந்த மலாயா சீனர் சங்கம் கொதித்தது. அமைச்சரவையும் அவர் பக்கம் நிற்கவில்லை. விவசாயத்தை விட்டுச் சுகாதாரத்துக்குப் போகச் சொன்னார்கள், மறுத்து வெளியேறினார். இலாகா முகமது கிர் ஜொஹாரியிடம் போனது. அம்னோவும் நீக்கியது.

கட்சிக்கு ஏன் வேர் பிடிக்கவில்லை என்பது இங்கே தெரிகிறது. எட்டு வருஷம் அவர் கட்டிய கூட்டுறவு வலை கட்சிக்காரர்களுடையது அல்ல. அதிகாரிகளும் அரசு மானியமும் உரிமம் வழங்கும் கையெழுத்தும் சேர்ந்தது. அவர் வெளியேறியபோது அதெல்லாம் அமைச்சகத்திலேயே தங்கிவிட்டது. எதிரே துணைப் பிரதமர் துன் ரசாக்கின் ஊரக வளர்ச்சி அமைச்சகம், மாவட்டத்துக்கொரு சிவப்புப் புத்தகம் வைத்துச் சாலை, பாலம், கிணறு, சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) என்று எழுதி எழுதி முடித்துக்கொண்டிருந்தது. அரசின் நிலக் குடியேற்றத் திட்டமான பெல்டாவில் நிலமும் கிடைத்தது. 1962 அரசியல் சட்டத் திருத்தத்தின்படி கிராமத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி வாக்காளர் இருந்தாலே போதும். அவ்வளவு மதிப்புள்ள ஓட்டை ஆளுங்கட்சி சும்மா விடுமா?

அதோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் சோஷலிச முன்னணி. அதன் பெரிய கட்சியான தொழிலாளர் கட்சியின் பலம் நகரங்களிலும் சீனப் புதுக்கிராமங்களிலும். பன்மொழிக் கொள்கை பேசிய அவர்களும், மலாய் மட்டுமே தேசிய மொழி என்ற மலாய்த் தோழர்களும் கம்பத்தில் ஒரே மேடையில் என்ன பேசுவது? இந்தோனேசியா மலேசியாவுக்கு எதிராக 'கொன்ஃப்ரன்தாசி' (மோதல்) அறிவித்திருந்த நேரம் வேறு. மலேசியா உருவானதை எதிர்த்த முன்னணிக்கு இந்தோனேசிய அதிபர் 'சுகர்ணோவின் ஆள்' என்ற முத்திரை விழுந்தது. 1959இல் 8 இடம் பிடித்த முன்னணி 1964இல் மொத்தம் 104 இடங்களில் இரண்டே இடத்துக்குச் சுருங்கியது. பங்சார் தொகுதியில் முன்னணியின் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டே தோற்றார். அஜீஸ் கட்சிக்கு ஓரிடமும் இல்லை.

1965 ஜனவரியில், இந்தோனேசியாவின் துணையோடு நாடுகடந்த அரசு அமைக்கச் சதி என்று சொல்லி அவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். விசாரணை கிடையாது. அவரை விட்டால் இரண்டாம் வரிசைத் தலைவர் இல்லாத கட்சி. அதன் கதை அத்துடன் சரி. அடுத்த வருஷத் தொடக்கத்தில் முன்னணியும் கலைந்தது.

அவர் சிறையிலிருந்த அதே 1965இல்தான் அரசு விவசாய விளைபொருள் சந்தை வாரியமான ஃபாமாவை அமைத்தது. 1969இல் விவசாய வங்கி. 1971இல் தேசிய நெல் அரிசி வாரியம் வந்து நேரடிக் கொள்முதல், உத்தரவாத விலை, சொந்த உலர்த்திகள், சொந்த ஆலைகள் என்று இறங்கியது. ஆலைக்கு உரிமையாளர் மட்டும் அஜீஸ் நினைத்த கூட்டுறவு அல்ல, அரசாங்கம்.